ஓட்டு வீட்டை இடிப்பதா, வேண்டாமா?

மன்னார்குடிக்காரன்:
எங்கள் அப்பா காலத்து ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம் எல்லாம் உண்டு. 2018 கஜா புயலில் பின்கட்டு ஓடு பறந்தது. அவசரத்துக்குத் தகரம் போட்டோம், இன்றும் அதுதான் கிடக்கிறது. சித்திரை மதியம் அதற்குக் கீழே பூனைகூடப் படுக்காது.

இடித்துத் தளம் போட்டு, ரெண்டு ரூமுக்கு ஏசி வைக்கலாம் என்கிறான் பையன். கட்டடக்கலை படிக்கிற மகள், நிற்கிற வீட்டை இடிப்பது பூமிக்குச் செய்கிற பாவம் என்று சண்டை போடுகிறாள். ஒரு வீட்டால் அப்படி என்ன கெட்டுவிடும்? அப்புறம், குரங்கு ஓட்டைப் புரட்டாமலிருக்க ஏதாவது வழி உண்டா?

அரியலூர் ஆள்:
மகள் பக்கம்தான் நான். சிமென்ட் ஆலையில் இருபது வருஷம் இருந்தவன். எரிகிற நிலக்கரிதான் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பூமியைச் சூடாக்குகிற கரியமில வாயு சிமென்ட் ஆலையில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையை எதை வைத்து எரித்தாலும் அந்த 44 போகத்தான் போகும். உங்கள் பழைய சுவரிலும் சுட்ட சுண்ணாம்புதான், ஆனால் அது இறுகும்போது அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் வாங்குங்கள்.

குடந்தை மெக்கானிக்:
ஏசியை விட்டுவிட்டீர்களே. எனக்கு வருகிற போன் பாதி மொட்டை மாடிக்குக் கீழ் அறையிலிருந்துதான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே கக்கும், மிஷின் நிற்கவே நிற்காது. வீடுகளுக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதாவில் கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்குத் தனி வரம்பே இருக்கிறது. இந்தப் பக்கம் அதைக் கேட்டு வீடு கட்டியவரை நான் பார்த்ததில்லை.

ஏசிக்குள் ஓடுகிற கேஸ் இன்னும் மோசம். ஆர்-410ஏ என்கிற கேஸ் ஒரு கிலோ கசிந்தால் ரெண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் 675 கிலோ. லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்ற மாட்டேன் என்று சொல்லியே ரெண்டு வாடிக்கையை இழந்தேன்.

பாபநாசம் கொத்தனார் மகன்:
முதலில் தகரத்தைக் கழற்றுங்கள். ஆசாரியைக் கூப்பிட்டு, ஓட்டைத் தாங்குகிற கைமரம், ரீப்பரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கறையான் தூலத்துக்கு ஏறவில்லை என்றால் இடிக்கக் காரணமே இல்லை. நாட்டு ஓடு, இடிக்கிற வீடுகளில் விலைக்குக் கிடைக்கும். குரங்குக்கு எங்கள் ஊரிலும் வழி இல்லை.

மன்னார்குடிக்காரன்:
ஆசாரி வந்து பார்த்தார். நாலு கைமரம் போச்சு, தூலம் தேக்கு, ஒன்றும் ஆகவில்லை. தகரத்தை எடுத்து ஓடு போடுகிறோம். பையன் ஒரு ஏசிக்கு இறங்கி வந்துவிட்டான். ஆனால் ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு போட்டால்தான் குளிர் நிற்கும் என்கிறார் ஆசாரி. அந்தச் செலவு யாருடையது என்று இப்போது அடுத்த சண்டை.