லினக்ஸ் மடிக்கணினியில் செயல்விசைகள் பணிய மறுத்தபோது: கடற்கரைப் பயனர்களின் அனுபவப் பகிர்வு

மண்டபத்திலிருந்து

ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அலுவலக மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவிய பிறகு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள விசைகள் ஒழுங்காக இயங்கின. திரையின் வெளிச்சத்தை மாற்றும் விசைகள் மட்டும் எதற்கும் அசையவில்லை. கடலைப் பார்த்த சன்னலோரம் அமர்ந்து வேலை செய்பவனுக்கு அது சிறிய குறை அன்று. இணையத்தில் தேடினால், கணினி எழும்பும்போது இயங்குதளத்தை ஏற்றும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில் சேர்க்கச் சொல்லி ஆளுக்கொரு வரியைத் தருகிறார்கள். எதையும் சேர்ப்பதற்கு முன், விசையை அழுத்தியதும் அச்செய்தி எதுவரை போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

பெரும்பாலான மடிக்கணினிகளில் எஃப்என் விசையை இயங்குதளம் காண்பதே இல்லை. அதைக் கவனிப்பது தாய்ப்பலகையில் உள்ள எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் சிறிய சில்லு. எஃப்என்னோடு மற்றொரு விசையைச் சேர்த்து அழுத்தினால், அந்தச் சில்லு சாதாரண விசைப்பலகையின் வழியே ஒரு ஸ்கேன்கோடாகவோ (விசையின் அடையாள எண்), கணினியில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் ஏசிபிஐ அல்லது டபிள்யூஎம்ஐ வழியில் ஒரு நிகழ்வாகவோ, எச்ஐடி என்னும் உள்ளீட்டுச் சாதன நெறிமுறையின் செய்தியாகவோ அதை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அனுப்பும். ஏசிபிஐ, டபிள்யூஎம்ஐ வழியில் வருவதைப் புரிந்துகொள்ளத் திங்க்பேட்-ஏசிபிஐ, ஐடியாபேட்-லேப்டாப், டெல்-டபிள்யூஎம்ஐ, எச்பி-டபிள்யூஎம்ஐ என்று தயாரிப்பாளருக்கு ஏற்பத் தனித்தனி டிரைவர்கள் கெர்னலில் உள்ளன. ஒரே கணினியில் ஒலி விசை ஒரு வழியிலும் வெளிச்ச விசை வேறு வழியிலும் வரக்கூடும் என்பதால், ஒன்று இயங்குவதை வைத்து மற்றதைப் பற்றி முடிவு கட்ட இயலாது.

ஈவ்டெஸ்ட் என்ற சிறு நிரலை சூடோ என்னும் நிர்வாகி உரிமையோடு இயக்கினால் உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியல் வரும். என் கணினியில் விசைப்பலகையைத் தேர்ந்து அழுத்திப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. அதே பட்டியலில் ‘வீடியோ பஸ்’ என்றிருந்ததைத் தேர்ந்ததும் வெளிச்ச விசையின் பெயர் தெளிவாக வந்து விழுந்தது. விசை கெர்னல்வரை வந்துவிட்டது, பழுது அதற்கு அப்பால்தான் என்பது அதிலேயே உறுதியாயிற்று. திரையின் பின்னொளிக்கான பேக்லைட் கோப்புறையைத் திறந்தால் ஏசிபிஐ-வீடியோ0, இன்டெல்-பேக்லைட் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. மேசைச்சூழல் (திரையில் காணும் சாளரங்களையும் பட்டியல்களையும் நடத்தும் மென்பொருள்) முதலாவதன் எண்ணை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க, திரையோ இரண்டாவதற்கே கட்டுப்பட்டிருந்தது. கிரப் கோப்பின் கெர்னல் வரியில் ஏசிபிஐ-பேக்லைட்டின் மதிப்பை ‘நேட்டிவ்’ என்று குறித்து, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கி, கணினியை மீண்டும் தொடங்கியதும் முதலாவது பெயர் மறைந்தது. விசைகளும் வழிக்கு வந்தன.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பின்னணி உண்டு. கணினியில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், எந்த இயங்குதளம் தன்னை இயக்குகிறது என்று ஓஎஸ்ஐ என்ற வினாவால் கேட்டறிந்து, விடைக்கு ஏற்ப நடந்துகொள்ளும். லினக்ஸ் கெர்னல் அதற்கு ‘நான் விண்டோஸ்’ என்றே விடையளிக்கிறது. தயாரிப்பாளர்கள் சோதித்துப் பார்த்திருப்பது அந்தப் பாதையைத்தான் என்பதே காரணம். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது திரை வெளிச்சத்தைக் கையாளும் முறை மாறியதால், பல கணினிகளின் பழைய ஏசிபிஐ வழி பெயருக்கு மட்டும் எஞ்சியது. 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 கெர்னலில் பேக்லைட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை திருத்தியமைக்கப்பட்டதால், புதிய கெர்னல் உள்ளவர்களுக்கு மேற்சொன்ன வரி பெரும்பாலும் தேவைப்படாது. அதே கெர்னல் வரியில் ஏசிபிஐ-ஓஎஸ்ஐ மதிப்பை ‘லினக்ஸ்’ என்று மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஃபர்ம்வேரில் யாரும் சோதிக்காத மூலைக்கு அது நம்மைக் கொண்டுபோய்விடும்.

கீழக்கரையிலிருந்து

எங்கள் பிரச்சினை இதைவிட எளியது. துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொண்டுவந்த மெக்கானிக்கல் விசைப்பலகையை உபுண்டு கணினியில் செருகியபோது, எஃப்2-வை அழுத்தினால் கோப்பின் பெயரை மாற்றும் வசதி வராமல் திரையின் வெளிச்சம் கூடியது. வாப்பாவின் சங்குக் கடைக் கணக்கு மென்பொருள் எஃப் வரிசையை நம்பியே ஓடுகிறது என்பதால் கடையில் வேலையே நின்றுபோனது. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்-யூஎஸ்பி கட்டளையில் அந்த விசைப்பலகை தன்னை ஆப்பிள் விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது. ஆகவே எச்ஐடி-ஆப்பிள் என்ற டிரைவர் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்த டிரைவரின் எஃப்என்-மோடு என்ற அளவுரு 1 ஆக இருந்தால் ஊடக விசைகளும், 2 ஆக இருந்தால் எஃப்1 முதலான விசைகளும் முதன்மை பெறும். கெர்னலின் நடப்பு அமைப்புகளைக் காட்டும் சிஸ் கோப்புறையில் உள்ள மதிப்பை 2 என்று மாற்றினால் உடனே பலன் தெரியும். அது நிலைத்திருக்க வேண்டுமானால் டிரைவர் அமைப்புகளுக்கான மாட்புரோப்-டி கோப்புறையில் ஒரு வரியை எழுதிவிட்டு, தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-ஐயும் புதுப்பிக்க வேண்டும். ஏனெனில் இந்த டிரைவர் கணினி எழும்பும் தொடக்கத்திலேயே ஏறிவிடக்கூடியது.

மடிக்கணினியிலேயே எஃப் வரிசை தலைகீழாக மாறியிருந்தால், முதலில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல தயாரிப்புகளில் அதுவே எஃப்என் பூட்டு. சிலவற்றில் பயாஸ் அமைப்புக்குள் சென்று மாற்ற வேண்டியிருக்கும். இரண்டிலும் லினக்ஸுக்குப் பங்கில்லை.

ராமநாதபுரம் நகரிலிருந்து

நான் பள்ளி ஆசிரியை. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்த, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வழியாகவே இந்த இயங்குதளம் எனக்கு அறிமுகமானது. இப்போது சொந்தமாக வைத்திருக்கும் வேறொரு மடிக்கணினியில், இணையவழி வகுப்புக்கு மிகவும் வேண்டிய ஒலிவாங்கியை நிறுத்தும் விசை இயங்கவில்லை. மண்டபத்து அண்ணன் கூறிய முறையிலேயே பார்த்தபோது, ஈவ்டெஸ்டில் அந்த விசை 248 என்ற எண்ணோடு சரியாகவே வந்தது. மேசைச்சூழலுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

விளக்கம் எக்ஸ்11 என்ற பழைய வரைகலை நெறிமுறையில் இருக்கிறது. அது கெர்னலின் விசை எண்ணோடு 8-ஐக் கூட்டிக்கொள்ளும். அதன் உச்ச வரம்போ 255. ஆகவே 247-க்கு மேற்பட்ட விசைகள் எக்ஸ்11-க்குள் நுழையவே இயலாது, ஒலிவாங்கி விசை ஒரே ஒரு எண்ணில் வெளியே நின்றுவிட்டது. இதை அறிந்தவர்கள் அவ்விசையை, விசைப்பலகையில் அச்சிடப்படாத எஃப்20 என்ற பெயருக்கு மாற்றி அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். டச்பேடை நிறுத்தும் விசைக்கு எஃப்21 வந்ததும் அதே காரணத்தால்தான். இப்படி மாற்றப்படும் கணினிகளின் பட்டியலில் என் கணினியின் மாதிரி இடம்பெறாததால், சாதனங்களைக் கையாளும் யூடெவ் நிரலின் எச்டபிள்யூடிபி (வன்பொருள் தரவுத்தளம்) கோப்புறையில் நானே ஒரு கோப்பை எழுதி, சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி கட்டளையால் புதுப்பித்தேன். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்டு அமர்வில் இந்த வரம்பு இல்லை என்றாலும், எங்கள் பள்ளியின் பழைய கணினிகளில் எக்ஸ்11 ஓடுவதால் இதைத் தெரிந்துவைத்திருப்பது பயன்படும்.

விசையை அழுத்தியதும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் ‘தெரியாத விசை’ என்ற அறிவிப்பு வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அந்த வரியிலேயே ஸ்கேன்கோடு இருக்கும். செட்கீகோட்ஸ் கட்டளையால் அதற்கு உடனே பெயர் சூட்டலாம், ஆனால் கணினியை அணைத்தால் அது போய்விடும். நிலையாக எழுதும்போது ஒரு நுட்பம்: ஈ012 என்று செட்கீகோட்ஸ் கேட்கும் எண்ணை எச்டபிள்யூடிபியில் 92 என்று எழுத வேண்டும்.

ராமேசுவரத்திலிருந்து

மேலே எழுதியவர்கள் எல்லாரும் மென்பொருளையே பேசுகிறீர்கள். நம் கரையில் வாழ்பவர்கள் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசைப்படகுச் சங்கத்துக்கு அருகில் என் ஜெராக்ஸ் கடை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒலி தானாகக் குறைந்துகொண்டே போனது. ஈவ்டெஸ்டில் ஒரு விசையை அழுத்தினால் 1, விட்டால் 0, அழுத்திக்கொண்டே இருந்தால் 2 என்று மதிப்பு வரும். யாரும் தொடாமலேயே எனக்கு 2, 2 என்று ஓடிக்கொண்டிருந்தது.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். விசைப்பலகையின் மெல்லிய தாள்களுக்கிடையே அது படிந்தால், அழுத்தாத விசையும் அழுத்தியதாகக் கணக்கில் வரும். இதை இயங்குதளத்தின் குறையிலிருந்து பிரித்தறிய நான் கையாளும் சோதனை இதுதான்: விசைகள் வரிசையும் நெடுவரிசையுமாகப் பின்னப்பட்ட வலையில் இணைந்திருப்பதால், கம்பிப்பாதை கெட்டால் எஃப் வரிசை விசையோடு அதற்குத் தொடர்பற்ற எண் விசையோ எழுத்து விசையோ சேர்ந்து செத்துப்போகும். வேறொரு லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து இயக்கினாலும், கிரப் பட்டியலிலேயே நின்றாலும் அதே கோளாறு தொடரும். அப்படியானால் கட்டளைகளில் நேரம் செலவிட வேண்டாம். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் பட்டைக் கம்பியின் முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கலாம்; தாள்களுக்குள்ளேயே அரிப்பு சென்றிருந்தால் விசைப்பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தொண்டியிலிருந்து

ராமேசுவரத்து அண்ணனின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, ஒரு விலக்கை மட்டும் சேர்க்கிறேன். என் புதிய கணினியிலும் ஒலி தானாகக் கூடிக்கொண்டே போனது; உப்பு உள்ளே செல்வதற்கான காலமே ஆகவில்லை. ஈவ்டெஸ்டில் எஃப்என் விசையோடு ஒலி விசையைத் தொட்டபோது 1 வந்தது, அதைத் தொடர்ந்து 2 வந்துகொண்டே இருந்தது, விரலை எடுத்த பிறகும் 0 மட்டும் வரவேயில்லை. சில கணினிகளின் சில்லு இத்தகைய விசைகளுக்கு ‘விட்டாயிற்று’ என்ற செய்தியை அனுப்புவதே இல்லை. எச்டபிள்யூடிபி கோப்பில் அந்த விசையின் பெயருக்கு முன்னால் ஒரு வியப்புக்குறியை இட்டால், விட்ட செய்தியைக் கெர்னல் தானே உருவாக்கிக்கொள்ளும்.

எனவே அண்ணே, 2 என்பது யாரும் தொடாதபோதே தொடங்குகிறதா, எஃப்என்னோடு ஒருமுறை அழுத்திய பிறகு மட்டும் தொடங்குகிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் ஆல்கஹாலை எடுக்கலாம். பின்னது என்றால் திருகாணியைக் கழற்ற வேண்டிய தேவையில்லை, கணினியின் மாதிரிப் பெயரையும் டிமெசேஜ் வரியையும் இங்கே இடுங்கள், கோப்பை எழுதித் தருகிறேன்.