வோக்கிங்கில் 2026 மே 7 தேர்தல்: எந்தக் கவுன்சிலுக்கு வாக்களிக்கிறோம்?

வோக்கிங்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேலை விசாவில் வந்து, இங்கிலாந்தின் சரே கவுண்டியில் உள்ள வோக்கிங் நகரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். எங்கள் கடவுச்சீட்டு இந்தியாவினுடையது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்படி கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. குடியுரிமை பெறாத நாங்கள் அவ்வாறு பதிவு செய்யலாமா என்பது என் முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் தேர்தலைப் பற்றியது. வோக்கிங் பரோ கவுன்சிலுக்கு (எங்கள் மாவட்டக் கவுன்சில்) ஏறக்குறைய ஆண்டுதோறும் தேர்தல் நடக்கும் என்றும், ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கே போட்டி இருக்கும் என்றும் பக்கத்து வீட்டுப் பெரியவர் விளக்கினார். ஆனால் 2026 மே 7 அன்று நடப்பது அந்தத் தேர்தல் அன்று, ‘மேற்கு சரே’ என்ற, இன்னும் செயல்படத் தொடங்காத கவுன்சிலுக்கான தேர்தல் என்றும் அவரே சொல்கிறார். கடனில் மூழ்கிய கவுன்சில் ஒன்று, அதை விழுங்கப்போகும் கவுன்சில் மற்றொன்று என்றால், வாக்காளர் யாரிடம் கணக்குக் கேட்பது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாவடி எழுத்தர்:

தேர்தல் நாட்களில் சரேயின் வாக்குச்சாவடிகளில் எழுத்தராகப் பணியாற்றுபவன் என்ற முறையில், முதல் ஐயத்துக்கு உறுதியாகவே விடை சொல்லலாம். இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், செல்லுபடியாகும் விசாவுடன் இங்கு வசித்தால், உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமன்றி நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்பதற்குத்தான் நிரந்தர வசிப்புரிமை வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் நிற்க இயலாது. பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 20, நள்ளிரவு வரை இணையத்தில் பதியலாம்.

2022 ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்துக்குப் பிறகு சாவடியில் புகைப்பட அடையாளம் காட்டுவது கட்டாயம். உங்கள் இந்தியக் கடவுச்சீட்டே போதுமானது. காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டுகள் அனைத்தும் ஏற்கப்படுகின்றன. படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று தெரிந்தால் காலாவதியானதையும் ஏற்பார்கள். இந்த விதி முதன்முதலாக நடைமுறைக்கு வந்த 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில், சுமார் 14,000 பேர் உரிய அடையாளம் இல்லாததால் வாக்களிக்காமலே திரும்பினார்கள் என்று தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. முதியோரின் பேருந்து அட்டை ஏற்கப்படும்போது இளைஞரின் ரயில் சலுகை அட்டை ஏன் ஏற்கப்படவில்லை என்ற கேள்வி அன்று பலமாக எழுந்தது. அது நியாயமான கேள்வி என்பதே என் கருத்தும். சாவடி காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். தபாலில் வரும் வாக்காளர் அட்டையைக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது ஐயத்தைப் பொறுத்தவரை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியே. 1972 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது முதல் சரேயில் இரண்டு அடுக்கு நிர்வாகம் இருந்து வருகிறது. பள்ளிகள், சாலைகள், முதியோர் பராமரிப்பு, நூலகங்கள் ஆகியவை கவுண்டியின் பொறுப்பு. குப்பை அகற்றுதல், கட்டட அனுமதி, வீட்டு வசதி போன்றவை வோக்கிங், கில்ட்ஃபோர்டு முதலான பதினொரு மாவட்டக் கவுன்சில்களின் பொறுப்பு. கவுன்சில் வரியை வசூலிப்பது மாவட்டம் என்றாலும் அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கவுண்டிக்குப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பன்னிரண்டு கவுன்சில்களையும் கலைத்துவிட்டு, கிழக்கு சரே, மேற்கு சரே என்று இரண்டே கவுன்சில்களை அமைப்பதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. வோக்கிங், கில்ட்ஃபோர்டு, வேவர்லி, சரே ஹீத், ரன்னிமீட், ஸ்பெல்தோர்ன் ஆகிய ஆறும் மேற்கில் சேர்கின்றன. மே 7 அன்று தேர்ந்தெடுக்கப்படுவோர் ஓராண்டு காலம் ஆயத்தப் பணிகளைச் செய்வார்கள்; 2027 ஏப்ரலில் எல்லா அதிகாரமும் அவர்கள் கைக்கு வரும். அதுவரை வோக்கிங்கின் இப்போதைய கவுன்சிலர்களே தொடர்வார்கள். தொகுதிக்கு இருவர் என்பதால் உங்கள் வாக்குச்சீட்டில் இரண்டு பெயர்களுக்கு நேராகக் குறியிடலாம். ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் அந்த வாக்கு செல்லும். மூன்று இட்டால் செல்லாது.

கில்ட்ஃபோர்டுக்காரர்:

மேலே எழுதியவர் நடைமுறையைத் தெளிவாக விளக்கிவிட்டார். கணக்குக் கேட்பது பற்றி என் எண்ணத்தைச் சொல்கிறேன். வோக்கிங்கின் முப்பது இடங்களில் ஆண்டுக்குப் பத்து இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடத்திய முறையே பொறுப்பின்மையை வளர்த்தது என்று நான் கருதுகிறேன். வாக்காளர் எவ்வளவு சினங்கொண்டாலும் ஒரே நாளில் ஆட்சியை முழுமையாக மாற்ற முடியாது; எந்த ஆண்டும் தேர்தல் ஆண்டாகவே இருப்பதால், கட்சிகள் கசப்பான முடிவுகளைத் தள்ளிப்போடுகின்றன. எங்கள் கில்ட்ஃபோர்டில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் நடக்கும். லிவர்பூலில் கவுன்சிலின் சீர்கேடுகள் 2021 இல் வெளிவந்தபோது, மூன்றிலொரு பங்கு முறையைக் கைவிட்டு மொத்தத் தேர்தலுக்கு மாறும்படி அரசு செய்தது; 2023 முதல் அங்கு அவ்வாறே நடக்கிறது. வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்ற 114 ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்ட ஸ்லவ், தரக், வோக்கிங் ஆகிய மூன்று கவுன்சில்களும் அப்போது மூன்றிலொரு பங்கு முறையில் இருந்தவை என்பதையும் கருதிப் பார்க்க வேண்டும்.

எப்சம் வாசகர்:

மதிப்புக்குரிய கில்ட்ஃபோர்டு நண்பரின் பட்டியல் பாதியில் நின்றுவிடுகிறது. 2020 நவம்பரில் அதே அறிவிப்பை வெளியிட்ட குரோய்டனும், 2023 செப்டம்பரில் வெளியிட்ட பர்மிங்ஹாமும் மொத்தத் தேர்தல் நடத்துபவை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்; உங்கள் புதிய மேற்கு சரேயிலேயே இருக்கும் ஸ்பெல்தோர்னைப் பாருங்கள். நான்காண்டுக்கு ஒருமுறை மொத்தத் தேர்தல் நடத்தும் அந்தச் சிறிய மாவட்டம், 2016 இல் சன்பரியில் உள்ள பிபி நிறுவன வளாகத்தை வாங்கியது முதல் வணிகக் கட்டடங்களை வாங்கிக் குவித்து, சுமார் 100 கோடி பவுண்டு கடன் பெற்றது. 2025 இல் அங்கும் கவுன்சிலை மேற்பார்வையிட அரசு ஆணையர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது என்பதற்கும் கடனுக்கும் தொடர்பில்லை. கவுன்சில்களுக்கு அரசுக் கடன் வழங்கும் பொதுப்பணிக் கடன் வாரியத்தில் குறைந்த வட்டிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலையும், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைச் சிலர் மட்டுமே அறிந்திருந்த நிலையுமே காரணம்.

சொல்லப்போனால், மூன்றிலொரு பங்கு முறை வோக்கிங்குக்கு ஒரு நன்மையும் செய்தது. 2022 மே மாதமே அங்கு ஆட்சி கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு மாறிவிட்டதால், ஓராண்டுக்குப் பின் கடனின் முழு அளவு வெளிவந்தபோது அதை மறைக்க வேண்டிய தேவை ஆட்சியிலிருந்தவர்களுக்கு இல்லை. எங்கள் எப்சம் அண்டு யூவெல் நிலைமை முற்றிலும் வேறு: 1937 இல் பரோ உருவானது முதல் குடியிருப்போர் சங்கங்களே கவுன்சிலை ஆண்டு வருகின்றன, தேசியக் கட்சி எதுவும் ஒருமுறைகூடப் பெரும்பான்மை பெற்றதில்லை. அதையும் ஒரு குறையில்லாத ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். எதிர்ப்பே இல்லாத அவையில் கேள்விகளும் குறைந்துவிடும்.

வோக்கிங்வாசி:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. வாக்களிக்கும் முறை தெளிவாகிவிட்டது. கடன் பற்றி ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வோக்கிங் பரோ இல்லாமல் போகும்போது அந்தக் கடனும் இல்லாமல் போகுமா, அல்லது நம் கவுன்சில் வரியில் தொடருமா?

சாவடி எழுத்தர்:

கடன் மறையாது, புதிய கவுன்சிலுக்குப் போய்ச் சேரும். அதன் அளவைச் சொன்னால்தான் நிலைமை புரியும். 2023 ஜூன் 7 அன்று அந்த 114 ஆம் பிரிவு அறிவிப்பு வெளியானபோது, வோக்கிங்கின் ஆண்டு அடிப்படை நிதி 1.6 கோடி பவுண்டு. கடனோ 260 கோடி பவுண்டை எட்டும் என்று மதிப்பிடப்பட்டது. நகர மையத்தில் நீங்கள் நாள்தோறும் பார்க்கும் விக்டோரியா சதுக்கத்தின் உயர்ந்த கட்டடங்களுக்கும் ஹோட்டலுக்கும், கவுன்சிலின் சொந்த நிறுவனங்கள் வழியாகச் செலவான பணமே அதில் பெரும்பங்கு. தனியார் நிறுவனத்தைப் போலக் கவுன்சிலைத் திவாலாக்கி மூட முடியாது; சட்டப்படி கட்டாயமான பணிகளைத் தவிர வேறு புதிய செலவுகளை நிறுத்துவதே அந்த அறிவிப்பின் பொருள். அதன் பிறகு ஊழியர் எண்ணிக்கையும் சமூக அமைப்புகளுக்கான உதவித்தொகையும் வெட்டப்பட்டன. 2024 இல் அரசின் தனி அனுமதியுடன் கவுன்சில் வரியின் மாவட்டப் பங்கு 10 விழுக்காடு உயர்த்தப்பட்டது. அந்தப் பங்கு சிறியது என்பதால் வரிச்சீட்டில் அது பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் கடனை அடைக்கவும் அது எள்ளளவும் போதவில்லை.

இரண்டு கவுன்சில் திட்டத்தை அறிவித்தபோது, வோக்கிங்கின் கடனில் 50 கோடி பவுண்டை அரசே அடைக்கும் என்றும் கூறப்பட்டது. இதற்கு முன் இப்படி நடந்ததில்லை என்றாலும் மீதமுள்ள தொகை மிகப் பெரியது. ஸ்பெல்தோர்னின் கடனும் ரன்னிமீட்டின் கடனும் அதனுடன் சேர்கின்றன. ஆகவே மே 7 வேட்பாளர்கள் உங்கள் வாசலுக்கு வரும்போது, சாலைக் குழிகளைப் பற்றி மட்டும் பேச விடாதீர்கள். மீதிக் கடனுக்கு அரசிடம் என்ன கேட்கப் போகிறீர்கள், விக்டோரியா சதுக்கத்தை விற்பீர்களா வைத்திருப்பீர்களா, ஆறு மாவட்டங்களின் வெவ்வேறு வரி அளவுகளை எத்தனை ஆண்டுகளில் ஒன்றாக்குவீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான விடைதான் 2027 ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் செலுத்தும் தொகையைத் தீர்மானிக்கும்; அதைப் பற்றி இதுவரை எந்தத் துண்டறிக்கையிலும் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.