அப்பா போய்விட்டார், தம்பிக்கு வயது 29. இப்போது என்னென்ன செய்து வைக்க வேண்டும்? (கடலூர் / புதுச்சேரி)

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். நான் கல்யாணமாகி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன், தனியார் கம்பெனியில் வேலை. தம்பிக்கு 29 வயது, அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 70 சதவீதம் போட்டிருக்கிறார்கள். வலிப்பும் உண்டு, மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. 18 வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனான், அதன் பிறகு 11 வருடமாக வீட்டில்தான்.

அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தை மாதம் திடீரென்று போய்விட்டார். தம்பிக்கு எல்லாமே அப்பாதான். சவரம் செய்துவிடுவது, குளிக்க வைப்பது, சாயங்காலம் வண்டியில் உட்கார வைத்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய் வருவது, எல்லாம். இப்போதும் ஐந்து மணி ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், இருட்டிய பிறகும் உள்ளே வர மாட்டேன் என்கிறான். அம்மாவுக்கு 63, முட்டி வலி, அவனைத் தூக்கிப் பிடிக்கும் தெம்பு இல்லை.

போன வாரம் அப்பாவின் டெபாசிட் விஷயமாக வங்கிக்குப் போனால் தம்பியும் வாரிசு, அவனால் கையெழுத்துப் போட முடியாது என்றால் கார்டியன் சான்று கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பெற்ற அம்மா பக்கத்திலேயே நிற்கும்போது அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் பிறகு அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அவனுக்கு வருமா? பகலில் அவன் போய் இருக்க ஒரு இடம் கிடைக்குமா? இரண்டு பேரையும் புதுச்சேரிக்கே கூட்டி வந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் அம்மா:

தங்கச்சி, முதலில் அப்பாவுக்காக வருத்தப்படுகிறேன். அந்த வாசல்படி விஷயத்தைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. என் மகளுக்கு 26 வயது, மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருக்கிறது, அதனால் வங்கி விஷயத்தை நான் பட்டே தெரிந்துகொண்டேன்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் பெரிய மனிதன். அதற்கு மேல் பெற்ற அம்மா என்பதற்காக மட்டும் யாரும் அவன் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை, பள்ளியிலும் சொல்வதில்லை, ஆஸ்பத்திரியிலும் சொல்வதில்லை, பணமோ சொத்தோ குறுக்கே வரும்போதுதான் தெரிகிறது. இதற்காகத்தான் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம், நேஷனல் டிரஸ்ட் என்பார்கள், அதைக் கொண்டுவந்தார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு உள்ளூர்க் குழு இருக்கும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், இவர்களும் அதில் உறுப்பினர்கள். அந்தக் குழுதான் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ் கொடுக்கும். இதற்காகக் கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட வேண்டியதில்லை. இந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது, கிளையில் தெரியாது என்று சொன்னால் மேலாளரிடம் அதை எடுத்துச் சொல்.

இன்னொன்று முக்கியம். பாதுகாவலராக அம்மாதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மா விண்ணப்பம் போட்டு உன் பெயரைச் சொல்லலாம், உன் சம்மதம் இருந்தால் போதும். அம்மாவுக்கு 63 என்கிறாய், முட்டி வலி என்கிறாய். யோசித்துக்கொள். அம்மாவின் பெயரில் வாங்கினால் நாளைக்கு உன் பெயருக்கு மறுபடியும் முதலில் இருந்து நடக்க வேண்டும்.

பாதுகாவலர் ஆனவருக்குக் கடமையும் உண்டு. ஆறு மாதத்துக்குள் அவனுக்கு என்ன சொத்து, எவ்வளவு பணம், என்ன கடன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். இது தொந்தரவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் இல்லாத காலத்தில் அவர்கள் பணத்தை யாரும் தின்றுவிடாமல் இருக்க அந்தக் கணக்கு வேண்டும்.

மஞ்சள் பை:

கருவூலத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிடைக்கும் அம்மா. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு, ஆனால் மனவளர்ச்சிக் குறைபாடோ உடல் குறைபாடோ இருந்து சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. முதலில் உங்கள் அம்மாவுக்கு, அவருக்குப் பிறகு தம்பிக்கு, பாதுகாவலர் மூலமாக. ஆகவே மேலே அந்த அம்மா சொன்ன சான்றிதழ் இங்கேயும் வேலைக்கு ஆகும்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அம்மா நன்றாக இருக்கும்போதே இந்தக் கோப்பை நகர்த்துங்கள். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அம்மாவும் போன பிறகு அண்ணனோ அக்காவோ ஒரு மஞ்சள் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள், குடும்ப அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பிறந்த தேதி, இதைச் சரிசெய்யவே வருடம் ஓடிவிடும், அதுவரை அந்தப் பிள்ளைக்கு ஒரு ரூபாய் வராது. அப்பா கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அங்கிருந்து சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். தம்பியால் சம்பாதிக்க இயலாது என்று மருத்துவச் சான்று கேட்பார்கள், வெறும் சதவீதம் போட்ட சான்றிதழ் அதற்குப் போதாது. அப்பாவின் பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எல்லாவற்றிலும் தம்பியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் இருந்தாலும் திருத்திவிடுங்கள்.

யாராவது தடங்கல் செய்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே இலவச வக்கீல் கிடைக்கும், வருமானம் பார்க்க மாட்டார்கள்.

நெல்லிக்குப்பத்துக்காரன்:

நான் சிறப்பாசிரியர். பகலில் போக ஒரு இடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கேள்வியிலேயே அவசரமானது என்று படுகிறது. பத்திரங்களுக்கு மாதங்கள் ஆகும், அந்தப் பையன் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சியோடு கூடிய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் அரசு மானியத்தில் நடத்துகின்றன. சில இடங்களில் பகலில் மட்டும் வந்துபோகவும் விடுவார்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். வேலை ஆகவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள், மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு ரைட்ஸ் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் வருகின்றன, கடலூர் மாவட்டமும் அதில் உண்டு, பிசியோதெரபி மாதிரி சிகிச்சைகளை ஒரே இடத்தில் கொடுப்பதுதான் நோக்கம், அதையும் அங்கேயே விசாரியுங்கள்.

இடம் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய் நில்லுங்கள். யார் ஊட்டுகிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, கழிவறை எப்படி இருக்கிறது, வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது. கையில் சாவி கொடுப்போம் என்று சொன்னால் அங்கே விடாதீர்கள். இரும்பைக் கொடுத்து வலிப்பு நின்றதில்லை, தானாக நிற்கும்போது சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், நன்றாகத்தானே இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்தினால்தான் பெரிதாக வரும்.

மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா? அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை ஆன்லைனில் பதிவு செய்யுங்கள், இப்போது எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். அப்புறம் நிராமயா மருத்துவக் காப்பீடு, அதுவும் நேஷனல் டிரஸ்ட் தருவதுதான். வருடம் 1 லட்சம் ரூபாய் வரை, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே வலிப்பு இருக்கிறதே என்று ஒதுக்க மாட்டார்கள், தெரபி செலவும் சேரும். பதிவு பெற்ற நிறுவனம் மூலமாகச் சேர வேண்டும், பில்களை ஒன்று விடாமல் வைத்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்குக் கூட்டிப்போவது பற்றி: யுடிஐடி இந்தியா முழுக்கச் செல்லும், குடும்ப ஓய்வூதியமும் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் தமிழ்நாட்டு உதவித்தொகை தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான், எல்லை தாண்டினால் புதுச்சேரி சமூக நலத்துறையில் புதிதாகத் தொடங்க வேண்டும், அங்கே குடியிருப்புச் சான்று கேட்பார்கள். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்காக வீடு மாற்ற வேண்டாம், கடலூர்க்காரர்கள் தினமும் கன்னியக்கோயில் வழியாக பஸ் ஏறிப் போய் வருகிறார்கள்.

ஒரு அண்ணன்:

என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். நானும் உங்களை மாதிரிதான், அம்மா அப்பா இரண்டு பேரும் இப்போது இல்லை. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

பாதுகாவலர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து முழுசாகப் பேசிவிடுங்கள். எவ்வளவு நாள், எந்த அறை, யார் குளிப்பாட்டுவது, உங்களுக்கு உடம்பு முடியாவிட்டால் யார். நான் அதைச் செய்யாமல், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கையைக் கூட்டி வந்தேன். இரண்டு வருடம் வீட்டில் பேச்சு வார்த்தையே சரியில்லாமல் போனது. தப்பு மனைவி மீது இல்லை, நான் கேட்கவே இல்லை, அறிவித்துவிட்டேன்.

தம்பியிடமும் சொல்லுங்கள். அவனுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். அப்பாவின் காரியத்தின்போது அவனை எங்கே வைத்திருந்தீர்கள்? எங்கள் வீட்டில் தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள், அதனால் அம்மா ஊருக்குப் போயிருப்பதாகவே அவள் ரொம்ப நாள் இருந்தாள். பிறகு போட்டோவுக்கு மாலை போட வைத்து, தினமும் அவள் கையாலேயே விளக்கேற்றச் சொன்னோம். மெதுவாகத்தான் அமைதியானாள்.

சின்னச் சின்ன விஷயமும் உதவும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் இலவசம். தனியாகப் பயணம் செய்ய முடியாதவர் என்பதால் ரயிலில் ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை, துணைக்குப் போகும் உங்களுக்கும்தான். நீங்கள் வேலைக்குப் போகிறவர், தம்பி உங்கள் செலவில் இருந்தால் பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. கூடப் பிறந்தவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள், நிறைய ஆடிட்டர்களே இதைக் கேட்பதில்லை.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதில்களை அச்செடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

மஞ்சள் பை ஐயா, நீங்கள் சொன்னது போலவே ஆதாரில் தம்பியின் பிறந்த வருடம் ஒன்று தப்பு, இ-சேவையில் திருத்தக் கொடுத்தாயிற்று. பாதுகாவலராக என் பெயரைப் போட அம்மா சம்மதித்துவிட்டார். வீட்டுக்காரரிடம் இரண்டு ராத்திரி பேசினோம். கொஞ்ச காலம் கடலூரிலேயே இருக்கட்டும், சனி ஞாயிறு நாம் அங்கே போவோம் என்று அவர்தான் சொன்னார். அதனால் வீடு மாற்றும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

அண்ணா, காரியத்தன்று தம்பியைச் சித்தி வீட்டில்தான் வைத்திருந்தோம். உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் உறைத்தது. நேற்று அவனை அப்பா படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, அப்பா செத்துப்போய்விட்டார், இனி வர மாட்டார் என்று அந்த வார்த்தையையே சொன்னேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் மறுபடியும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான், நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்புறம் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போய்வந்தோம்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறேன். தம்பியை நேரில் கூட்டிப்போக வேண்டுமா, சான்றிதழ் போதுமா?

நெல்லிக்குப்பத்துக்காரன்:

மனு கொடுக்க அவன் வர வேண்டாம், கூட்டத்தில் மணிக்கணக்கில் காக்க வைத்து அவனைப் படுத்த வேண்டாம். உள்ளூர்க் குழு கூப்பிடும்போது மட்டும் கூட்டிப்போங்கள். சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, அவன் போட்டோ நான்கு, எல்லாவற்றிலும் இரண்டு நகல். அசலை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்தப் பகல் மையம் பார்க்கப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.