படல் சாத்திய காடு, சாத்தாத காடு: மேய்ச்சலால் மண் மாறியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து:

கொறங்காடு தெரியாதவர்களுக்காக: நாலு பக்கமும் முள்கிளுவை வேலி, வழியில் ஒரு படல் (தட்டிக் கதவு), உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேலாமரம். மேய்ச்சலுக்கென்றே விட்ட சொந்த நிலம். வருஷத்துக்கு 600, 650 மி.மீ. மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகிற ஊரில் சரளை மண்ணை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய?

எங்கள் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் மண் ஒன்றுதான், நடுவில் வேலி மட்டும். அதைக் குத்தகைக்கு எடுத்தவர் வருஷம் முழுக்கச் செம்மறியை உள்ளேயே விட்டிருந்தார். உருப்படி ஒன்றும் அதிகமில்லை, எங்களிடம் இருந்த அளவுதான். ஆனால் ஆட்டை வெளியே ஓட்டி, புல்லுக்கு ஓய்வு கொடுத்துப் படலைச் சாத்தியதே கிடையாது. மழைக்குப் புல் விரலளவு துளிர்த்ததும் ஆடு கடித்துவிடும். இலையில்லாத தூர், வேரில் வைத்திருக்கிற சத்தைக் கரைத்துத்தான் மறுபடி துளிர்க்கணும். எத்தனை தடவை தாங்கும்? சில வருஷத்தில் தூர்கள் காய்ந்து, காலால் தட்டினாலே பெயர்ந்து வந்தன. மிஞ்சியது ஆடு தொடாத ஆவாரையும் எருக்கும்.

புல்லாவது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். வெறும் மண்ணில் மழைத்துளி அடித்து அடித்து, காய்ந்ததும் மேலே அப்பளம் மாதிரி ஏடு கட்டிவிட்டது. அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் செந்தண்ணி நிற்காமல் இட்டேறிக்கு (வேலிகளுக்கு நடுவில் போகிற பாதைக்கு) ஓடுகிறது; எங்கள் பக்கம் தூருக்குத் தூர் தேங்கி உள்ளே இறங்குகிறது. ஓடுகிற தண்ணி சும்மா ஓடுமா? மேல்மண்ணையும் புழுக்கையையும் புல் விதையையும் வாரிக்கொண்டுதான் போகும்.

நாங்கள் காட்டை மூன்றாகத் தடுத்திருக்கிறோம். முதலில் மாடு, அப்புறம் ஆடு. மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேலாக மேயும், செம்மறி தரையோடு கடிக்கும். வரிசை மாறினால் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு தடுப்பை மட்டும் புல் முற்றி விதை உதிர்கிற வரைக்கும் திறப்பதில்லை. கனமழை பெய்த ஈரத்தில் மாட்டை இறக்கவும் மாட்டோம், குளம்பு பதிந்து மண் இறுகிவிடும்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கிடைதான், ஆட்டை ராத்திரி வயலில் தங்கவைத்து எருவுக்குக் காசு வாங்குகிற தொழில். அறுப்பு முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவோம். பகலில் அறுத்த வயலின் தாளில் மேயும், ராத்திரி யார் வயலில் கிடை அமர்த்தச் சொல்கிறார்களோ அங்கே படுக்கும். நீங்கள் சொல்கிற கணக்குதான் இங்கேயும், ஒரே இடத்தில் கிடக்க விடுவதில்லை. ஓரிரு ராத்திரியில் கிடையை நகர்த்திப் போட்டுவிடுவோம்.

கிடை போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கிடை நகர்ந்த காலையிலேயே மேலாக ஒரு உழவு ஓட்டிவிடுங்கள். தழைச்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் இருக்கிறது, வெயிலில் விட்டால் ஆவியாகிவிடும். மூக்கைத் துளைக்கிற அந்த நெடி உங்கள் காசுதான். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பார்கள். கிடை போட்ட வயலில் பயிர் கருகருவென்று நிற்பதைப் பார்த்தவர்கள் அடுத்த வருஷம் எங்களை ஊர் எல்லையிலேயே மடக்கிப் பேசுவார்கள். காசு பேசும்போது மட்டும் இது எல்லோருக்கும் மறந்துபோகும்!

கரூர்ப் பக்கத்திலிருந்து:

மூன்றாகத் தடுப்பதெல்லாம் பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சரி. இரண்டு ஏக்கர்காரன் எந்தப் படலைச் சாத்துவது?

காங்கேயம் பக்கத்திலிருந்து:

நியாயமான கேள்விங்க. எங்கள் மாமா அப்படித்தான், தடுப்பே இல்லை. முதல் மழை பெய்ததும் படலை இழுத்துக் கட்டிவிடுவார். புல் முழங்கால் உயரம் வருகிற வரைக்கும் ஆடு பட்டியில்தான். சோளத்தட்டு, கோடையில் பொறுக்கி மூட்டை கட்டி வைத்த வெள்வேலங்காய், கொஞ்சம் வேலித்தழை. அந்த ஒன்றரை மாசத்துக்குத் தீவனச் செலவு கையைக் கடிக்கும் என்பது உண்மை. அதனால் மழைக்கு முன்பே கிடாய்க்குட்டிகளை விற்றுவிடுவார்.