கரண்ட் நிண்டு வந்த பிறகு நீலத்திரை, விண்டோஸுக்குள்ள போகுதில்லை

கேட்பவர் (சுன்னாகம்):
கடையில டைப்பிங்குக்கு வைச்சிருக்கிற டெஸ்க்டொப். ஐ3 இரண்டாம் தலைமுறை, எச்61 மதர்போட், விண்டோஸ் 10. நேற்றுப் பின்னேரம் கரண்ட் நிண்டது, மெயின் சுவிட்சையும் நிப்பாட்டிப்போட்டுப் பூட்டினது. காலமை போட்டால் கறுப்புத் திரையில "சீமொஸ் செக்சம் எரர்", எஃப்1 அமத்தச் சொல்லுது. அமத்தினால் விண்டோஸ் அடையாளம் வந்து, வட்டம் சுத்தி, நீலத்திரை: "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்". தானியங்கி ரிப்பேரும் சரிவரேல்லை. ஹாட்டிஸ்க் பழுது, போர்மட் அடிக்கவேணும் எண்டு ஒருத்தர் சொல்லுறார். கணக்கெல்லாம் சி டிரைவில கிடக்கு.

பதில் (திருநெல்வேலி):
போர்மட்டில கை வைக்காதேங்கோ தம்பி. விண்டோஸ் அடையாளம் வருதெண்டால் டிஸ்க் வாசிபடுது, பூட் லோடரும் ஓடுது. அதுக்குப் பிறகு விண்டோஸ் தன்ர டிரைவருக்கு மாறுற இடத்திலதான் விழுது.

முதல்ல ஒண்டு சொல்லுங்கோ: பயோஸில (விண்டோஸுக்கு முதல் ஓடுற, மதர்போட்டின்ர அடிப்படைச் செற்றிங் பக்கம்) திகதி என்ன காட்டுது? இந்தக் கிழமையில பிரவுசர் "இணைப்பு பாதுகாப்பில்லை" எண்டு சண்டை பிடிச்சதோ?

கேட்பவர்:
ஓம் அண்ணை, ரெண்டு மூண்டு நாளா ஜிமெயில் திறக்கேல்லை. இப்ப பயோஸில 2011 ஜனவரி 1.

பதில் (திருநெல்வேலி):
திகதி பிழைச்சால் பிரவுசர் பாதுகாப்பான இணைப்பை நம்பாது. அப்ப மதர்போட்டில இருக்கிற சீஆர்2032 எண்ட வட்டப் பற்றறி செத்துப்போச்சு. பிளக்கில கரண்ட் இருக்குமட்டும் பவர் சப்ளையின்ர 5 வோல்ட் ஸ்டான்ட்பைதான் (கணினி நிண்டாலும் வாற கரண்ட்) பயோஸ் செற்றிங்கைக் காப்பாத்தும்; சீமொஸ் எண்டது அந்தச் செற்றிங் கிடக்கிற இடம். மெயினை நிப்பாட்டின உடனே எல்லாம் அழிஞ்சு தொழிற்சாலை நிலைக்குப் போகும். எச்61 போட்டுகள் பலதில அந்த நிலையில சாட்டா மோட் (டிஸ்க்கோட போட் பேசுற முறை) பழைய ஐடிஈ. உங்கட விண்டோஸ் புது முறையான ஏஎச்சிஐ மோட்டில போட்டதாயிருக்கும். அதுதான் நீலத்திரை.

பிளக்கைக் கழட்டுங்கோ, பவர் பட்டனைப் பத்து செக்கனுக்கு அமத்திப் பிடியுங்கோ. பற்றறியின்ர பக்கத்துக் கிளிப்பைத் தள்ளினால் தானாக எழும்பும். கத்தி போட்டுக் கிண்டவேண்டாம், கீழ போற செம்புக் கோடு அறும். மல்ரிமீற்றரில அளவுங்கோ: புதுசு 3 வோல்ட்டுக்கு மேல நிக்கும், 2.7க்குக் கீழ எண்டால் மாத்துறதுதான். எழுத்துள்ள பக்கம் மேல. பழசைப் பிள்ளையள் எடுக்கிற இடத்தில போடாதேங்கோ, விழுங்கினால் தொண்டையைச் சுடும்.

பிறகு கணினியைப் போட்டு, டெல் கீயை அமத்தி பயோஸுக்குள்ள போங்கோ. திகதி, நேரம் சரிபண்ணி, சாட்டா மோட்டை ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 அமத்திச் சேமியுங்கோ.

பதில் (பருத்தித்துறை):
கடற்கரைப் பக்கக் கடையெண்டால் பற்றறிக் கிளிப்பில பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அப்ப புதுப் பற்றறி போட்டாலும் தொடாது. ஐசோபுரோப்பைல் அல்ககோலில பஞ்சு நனைச்சுத் துடையுங்கோ. வாங்கேக்கையும் கடையிலேயே அளந்து வாங்குங்கோ, கனகாலம் தொங்கினதைத் தந்துவிடுவினம்.

ஏஎச்சிஐயிலயும் நீலத்திரை வந்தால் மட்டும் சாட்டா வயரை மாத்திப் பாருங்கோ. பிறகு ரிக்கவரியில கமாண்ட் புரொம்ப்ட் திறந்து செக்டிஸ்க் (டிஸ்க்கில பிழை பாத்துத் திருத்துற கட்டளை) ஓட்டுங்கோ. அங்க விண்டோஸ் டிரைவ் டி எண்டு காட்டக்கூடும், சி எண்டு நினைச்சு வேற பகுதியில ஓட்டாதேங்கோ. டிஸ்க் கடகடவெண்டு சத்தம் போட்டால் செக்டிஸ்க்கும் வேண்டாம், முதல்ல கோப்புகளைக் கழட்டி எடுக்கிற வழியைப் பாருங்கோ.

கேட்பவர்:
பற்றறி 1.9 வோல்ட். சாட்டா மோட் ஐடிஈயில நிண்டது. மாத்தினதும் விண்டோஸ் நேரா ஏறிட்டுது, கணக்கும் கிடக்கு. இனி மெயினை நிப்பாட்டாமல் விட்டால் பற்றறி கனகாலம் வருமோ? யூபிஎஸ் உதவுமோ?

பதில் (திருநெல்வேலி):
வரும்தான், ஆனால் ஐப்பசி கார்த்திகை இடிமுழக்கத்தில பிளக்கைக் கழட்டி வைக்காட்டி மதர்போட்டே போகும். பற்றறியை மாத்துறது மலிவு. யூபிஎஸ் நடுவில கரண்ட் நிக்கேக்க கோப்பைக் காப்பாத்தும், பூட்டிப்போட்டு நிப்பாட்டி வைச்ச கடைக்கு ஒண்டும் செய்யாது. இப்ப பயோஸின்ர சாட்டா பக்கத்தையும் பூட் வரிசையையும் போனில படம் எடுத்து வைச்சிடுங்கோ. கணக்கை இண்டைக்கே ஒரு பென்டிரைவுக்கும் ஏத்துங்கோ.