சம்ப் கழுவ எவ்வளவு கேட்டார்?

(பி பிளாக் குடியிருப்போர் குழு, சனிக்கிழமை காலை)

செயலாளர் 2பி: கீழே தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியைக் கழுவும் ஆள் கேட்ட தொகையை யாரோ இங்கே போட்டிருந்தீர்கள். தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. மறுபடி அனுப்புங்கள்.

3ஏ: நான்தான் சார், செவ்வாய்க்கிழமை போட்டேன். அதற்கு மேல் 140 செய்தி வந்துவிட்டது. பாதி ரோஜாப்பூ, காலை வணக்கம்.

4சி அக்கா: ரோஜாப்பூ நான் போடுவது. குத்திக்காட்டாதே தம்பி 🙂

3ஏ: ஐயோ அக்கா, உங்களைச் சொல்லவில்லை! சார், 4,500 கேட்டார். மேல்தொட்டியும் சேர்த்தா, சம்ப் மட்டுமா என்று அன்றே இங்கே கேட்டேன். அதற்குள் பார்க்கிங் சண்டை புகுந்துவிட்டது.

1சி மாமா: மெயில் குரூப் வைக்கலாம் என்று போன வருடமே தலைபாடாக அடித்துக்கொண்டேன். 'சம்ப்' என்று ஒரு சப்ஜெக்ட் போட்டால் பதில் எல்லாம் அதற்குக் கீழேயே கோத்துக்கொண்டு நிற்கும்.

2ஏ: மாமா, மெயிலா! ஆளாளுக்கு 'ரிப்ளை ஆல்' அடித்து 'நன்றி', 'ஓகே' என்று நிரப்புவார்கள். ஆபீஸில் தினமும் படுகிறேன். வலைத்தளத்தில் ஃபோரம் மாதிரி ஒன்று திறந்து தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங் என்று பிரித்துவிட்டால் வேண்டியவர் வேண்டியதை மட்டும் படிக்கலாம். நான் ஜனவரியில் குடிவந்தவள், அதற்கு முன் பேசியது எதுவும் என் போனில் இல்லை. ஃபோரத்தில் பழசு அப்படியே இருக்கும்.

1சி மாமா: இருக்கும், ஆனால் நாம் அங்கே போக வேண்டுமே. முதல் வாரம் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் நீயும் நானும்தான். மெயில் நம்மைத் தேடி வரும்.

1சி மாமா: 1990களின் கடைசியில் கணினித் தமிழுக்கு ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் பூச்சி பூச்சியாகத் தெரியும். டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டைப் பல நாட்டுத் தமிழர்கள் மடலாடற்குழுவில், அதாவது மெயில் குரூப்பில், பேசிப் பேசித்தான் உருவாக்கினார்கள். இங்கே ஒருவர் தூங்கப் போனால் அங்கே ஒருவர் பதில் எழுதுவார். இந்தக் குழுவில் ஒரு மணி நேரம் தூங்கினால் பேச்சே மாறிவிடுகிறது!

2ஏ: அப்படிப் பேசியதெல்லாம் இப்போது எங்கே மாமா?

1சி மாமா: எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல முடியாது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. அதில் நான் இருந்த குழுவின் மடல்கள் என் பெட்டியில் இன்னும் இருக்கின்றன, போன மாதம்கூட ஒன்றைத் தேடி எடுத்தேன். ஃபோரம் என்றால் ஒரே பிரதி. தளத்தை நடத்துகிறவர் பணம் கட்ட மறந்தால் போச்சு.

2ஏ: சரி, அது நியாயம்தான். ஆனால் உங்கள் பெட்டியில் இருப்பது எனக்கு எப்படிக் கிடைக்கும்?

1சி மாமா: கூகுள் குரூப்ஸில் வைத்தால் மெயிலும் வரும், பழைய மடல்களை வலையிலும் படிக்கலாம். இரண்டு பேருக்கும் சமாதானம்.

2ஏ: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மாமா 😄 நானே அமைத்துத் தருகிறேன்.

1ஏ பாட்டி: பேரன் டைப் அடிக்கிறான். எனக்கு மெயிலும் தெரியாது, போரமும் தெரியாது. கேட் பக்கத்து போர்டில் சாக்பீஸால் பெரிதாக எழுதுங்கள், பால் வாங்கப் போகும்போது படித்துக்கொள்கிறேன்.

செயலாளர் 2பி: எழுதிவிடுகிறேன் அம்மா. நாளை காலை 7 முதல் 11 வரை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 3ஏ தம்பி, மேல்தொட்டியும் சேர்த்தா?

3ஏ: அதைத்தான் சார் செவ்வாய்க்கிழமையிலிருந்து கேட்கிறேன்.