செம்பில் ஏறும் களிம்பும் புண்ணுக்குத் தடவும் களிம்பும்

சொல்தேடி:
பித்தளைச் சொம்பில் புளித்தண்ணீர் கிடந்தால் 'களிம்பேறிடுச்சு' என்று கொட்டிவிடுகிறோம். மருந்து டியூபிலும் களிம்பு என்றே போட்டிருக்கிறது. நஞ்சுக்கும் மருந்துக்கும் ஒரே பெயரா?

ஏடு:
செம்பில் பூக்கும் பச்சை என்ற பொருள் நன்றாகப் பழையது. திருமந்திரத்தில் 'களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி' என்று வரும். அங்கே களிம்பு என்பது உயிரைப் பற்றிக்கொண்ட மலம், அதாவது அழுக்கு. செம்பும் களிம்பும் சைவ சித்தாந்தத்தில் தேய்ந்துபோன உவமை. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் பற்று, பூச்சு, பசை, களி எல்லாம் தனித்தனி. களிம்பும் தனி வகை. மருந்துப் பெயருக்கு வேர், குழைவைக் குறிக்கும் 'களி' என்றே கொள்வேன். செம்புப் பச்சையைச் சேர்த்ததால் வந்த பெயர் என்பது எனக்கு ஒட்டவில்லை. செம்பே சேராத களிம்புகள்தான் ஏராளம்.

நாட்டுமருந்து:
ஆயுர்வேதத்தில் இதை 'மலஹரம்' என்பார்கள். யுனானிக்காரர்களின் 'மர்ஹம்' என்ற அரபுச் சொல்தான் அப்படி மாறியது. இந்தியில் இன்றும் மர்ஹம், மல்ஹம். 'மலத்தை நீக்குவது' என்று பிரித்துப் பொருள் சொல்லவும் தோதாகிவிட்டது! அங்கே மலத்தைப் போக்குவது மருந்து. இங்கே மலத்தின் பெயரே மருந்துக்கு.

சொல்தேடி:
அருமை. குப்பைமேனிக் களிம்புக்கு மெழுகு எவ்வளவு போடணும்?

நாட்டுமருந்து:
இலைச்சாற்றை நல்லெண்ணெயில் விட்டுச் சிறுதீயில் காய்ச்சுங்கள். அடிவண்டலைத் திரியில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் ஈரம் மிச்சம். சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வடிகட்டிய எண்ணெய் 100 கிராமுக்குத் தேன்மெழுகு 20 கிராம், கோடையில் 25. மெழுகு 62-64 டிகிரியில் உருகும், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினாலே போதும். நேரே அடுப்பில் வைத்தால் கருகல் வாடை வரும். இறக்கியபின் ஆறும்வரை கிண்டுங்கள். விட்டால் ஓரத்து மெழுகு முதலில் உறைந்து மணல்மணலாகிவிடும். விரலில் எடுத்தால் இழுபடாமல் வழுக்க வேண்டும்.

ஏடு:
ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிவிடாதீர்கள். எண்ணெயிலுள்ள அமிலம் செம்பைக் கரைக்கும். பச்சை நிறம் வந்தது இலையாலா பாத்திரத்தாலா என்று கண்டுபிடிக்க முடியாது. எவர்சில்வர் போதும்.